பழைய வீட்டுக் கணினியை டெர்மினலாக்குவது: எது தாங்கும், எது திணறும்?

#1 பச்சைத்திரை

வணக்கம். என்னிடம் பிபிசி மைக்ரோ, காமடோர் 64, அடாரி எஸ்டி மூன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை நிரந்தரமாக மேசையில் வைத்து, வேறிடத்தில் ஓடும் லினக்ஸ் சர்வருக்கு டெர்மினலாகப் பயன்படுத்த நினைக்கிறேன். காட்சிக்கு அல்ல. மெயில் படிக்க, கட்டுரை எழுத, லாக் பார்க்க, தினசரி வேலைக்கு.

இந்த மெஷின்களுக்கு இது பழக்கமான வேலைதான். 1980களில் மோடம் வைத்திருந்தவர்கள் செய்ததே இதுதானே. காம்புசர்வ், பிரெஸ்டல், பல்கலைக்கழக யூனிக்ஸ் என்று மறுமுனையில் பெரிய கணினி இருக்கும்; வீட்டுக் கணினி அதற்குத் திரையும் விசைப்பலகையுமாக நிற்கும்.

ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது பாட் ரேட், அதாவது கம்பியில் வினாடிக்கு எத்தனை பிட் போகும் என்பது. 9600 போகுமா, 19200 போகுமா என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பியில் எழுத்து எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைவிட, வந்த எழுத்தைத் திரையில் போட்டு, வரிகளை மேலே தள்ள மெஷினுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இப்படி ஒரு மெஷினைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். எதை எடுக்கலாம்?

#2 சீரியல்சித்தன்

கணக்குப் போட்டால் நீங்கள் சொல்வது சரியென்று தெரியும். 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, தொடக்கத்தில் ஒரு ஸ்டார்ட் பிட், முடிவில் ஒரு ஸ்டாப் பிட் என்றால் ஓர் எழுத்துக்குக் கம்பியில் 10 பிட் செலவு. 9600ல் வினாடிக்கு 960 எழுத்து. 80க்கு 24 திரையில் 1920 கட்டங்கள், ஆக முழுத்திரை நிரம்ப 2 வினாடி. 2400ல் 8 வினாடி. 1200ல் 16. 300ல் ஒரு நிமிடத்துக்கு மேல். வரிவரியாகப் படிப்பதற்கு 1200கூட நம் கண்ணுக்கு அதிகம்தான். எடிட்டரில் பக்கம் புரட்டும்போதுதான் மெதுவாக இருப்பது உறைக்கும்.

இப்போது ஸ்க்ரோலுக்கு, அதாவது வரிகளை மேலே தள்ளுவதற்கு, வருவோம். பிபிசி மைக்ரோவில் 6845 என்ற திரைக் கட்டுப்பாட்டு சிப் இருக்கிறது. திரை நினைவகம் எங்கே தொடங்குகிறது என்ற முகவரியை மாற்றினால் போதும், முழுத்திரையும் ஒரு வரி மேலே போய்விடும். எதையும் நகல் எடுக்க வேண்டியதில்லை. காமடோரில் 80 பத்தி (வரிக்கு 80 எழுத்துக் கட்டம்) வேண்டுமென்றால் 320 புள்ளி அகலத் திரையில் 4 புள்ளி அகல எழுத்துகளைப் படமாக வரைய வேண்டும். ஸ்க்ரோல் ஆகும்போது ஏழாயிரத்துச் சொச்சம் பைட் நகர வேண்டும். அதிலுள்ள 6502 வகை பிராசசரில் ஒரு பைட்டை எடுத்து வேறிடத்தில் வைக்க நன்றாக எழுதிய நிரலிலேயே 9 சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) பிடிக்கும். மொத்தம் சுமார் 70,000 சைக்கிள். 1 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் அது வினாடியில் பதினான்கில் ஒரு பங்கு. அதற்குள் 9600ல் இன்னும் அறுபது, எழுபது எழுத்து வந்து குவிந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நீளமான வரிகள் மெஷினைத் திணற வைப்பதில்லை. குட்டி வரிகள்தான் வைக்கும். வெற்று வரிகள் தொடர்ந்து வந்தால் இரண்டு எழுத்துக்கு ஒரு ஸ்க்ரோல். 9600ல் வினாடிக்கு 480 ஸ்க்ரோல் கேட்கிறது என்று பொருள். நல்ல டெர்மினல் நிரல் என்றால் பஃபரில் (வந்த எழுத்துகளைத் தேக்கிவைக்கும் நினைவகம்) காத்திருக்கும் வரிகளை எண்ணிப் பார்த்து, நாலைந்து வரிகளை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிபிசியைத்தான் எடுப்பேன். 80 பத்தி வன்பொருளிலேயே இருக்கிறது. ஆர்எஸ்423 என்ற சீரியல் போர்ட் பின்பக்கமே இருக்கிறது, 6850 சிப் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்தப் போர்ட்டின் ஐந்து பின் பிளக் தலைகீழாகவும் உள்ளே போகும். மேல்பக்கம் எது என்று பிளக்கில் அடையாளம் போட்டு வையுங்கள்.

#3 அறுபத்துநான்கு

சித்தன் அண்ணா சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் காமடோரை 80 பத்திக்கு இழுத்துவிட்டு அது திணறுகிறது என்று சொன்னால் எப்படி? 40 பத்தி அதன் இயல்பான திரை. அதில் ஸ்க்ரோலுக்கு 1000 எழுத்து பைட்டும், நிறம் வேண்டுமென்றால் இன்னொரு ஆயிரமும்தான் நகர வேண்டும். அதை அது சுலபமாகச் செய்யும்.

சிக்கல் சீரியலில்தான். காமடோரில் சீரியலுக்கென்று சிப் கிடையாது. பிட் பிட்டாக நேரம் பார்த்து மென்பொருளே அனுப்புகிறது, வாங்குகிறது. நடுவில் திரை சிப் ஒவ்வொரு எழுத்து வரிக்கும் ஒரு தடவை பிராசசரை நாற்பது சைக்கிளுக்கு மேல் நிறுத்திவைக்கும். அதனால் மெஷினோடு வரும் ரொட்டீனை வைத்து 1200 நிம்மதி, 2400ஐ நம்ப முடியாது. யூசர் போர்ட்டில் இரண்டு மூன்று கம்பிகளை மாற்றிச் சேர்த்து, சிஐஏ என்ற உள்ளீடு-வெளியீடு சிப்பின், பிட்டுகளைத் தானே சேர்த்துத் தரும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரைப் பயன்படுத்தும் யூபி9600 முறையில் 9600 நிலையாக வரும். 6551 சிப் வைத்த ஸ்விஃப்ட்லிங்க் வகை கார்ட்ரிட்ஜ் என்றால் 38400 வரை போகலாம்.

இன்னொன்றையும் பச்சைத்திரை தெரிந்துகொள்வது நல்லது. காமடோரின் எழுத்துத் தொகுப்பு பெட்ஸ்கி, மற்ற கணினிகளின் பொதுத் தொகுப்பான ஆஸ்கி அல்ல. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இடம் மாறியிருக்கும். அதை டெர்மினல் நிரல் திருப்பிவிடும். ஆனால் விசைப்பலகையில் பின்சாய்கோடு இல்லை, நெளி அடைப்பு இல்லை, செங்குத்துக்கோடு இல்லை, டில்டா இல்லை. ஷெல்லில் (கட்டளை அடிக்கும் நிரல்) இரண்டு கட்டளைகளை இணைக்கும் செங்குத்துக்கோட்டை, அதாவது பைப்பை, போடவே ஒரு விசைக்கூட்டு வேண்டும். சிசிஜிஎம்எஸ், நோவாடெர்ம் மாதிரி நிரல்களை எடுத்தால், இந்தக் குறிகளை எந்த விசைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

அப்புறம், யூசர் போர்ட்டில் இருப்பது 0-5 வோல்ட். உண்மையான ஆர்எஸ்232 கம்பியில் கூட்டல் கழித்தல் 12 வோல்ட் வரை ஓடும். நடுவில் மேக்ஸ்232 மாதிரி ஒரு சிப் இல்லாமல் நேரடியாகச் சொருகினால் சிஐஏ போய்விடும். பழைய பவர் சப்ளையையும் நம்ப வேண்டாம். அது கெட்டுப்போகும்போது 5 வோல்ட் ஏறிப்போய் மெமரி சிப்களைக் கொன்றுவிடும்.

#4 சீரியல்சித்தன்

பவர் சப்ளை பற்றிச் சொன்னது பிபிசிக்கும் பொருந்தும், தம்பி. அதன் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வயதாகி வெடித்துப் புகை கக்கும். மாற்றாமல் நாள் முழுக்க ஓட விடாதீர்கள்.

#5 நேர்கம்பி

எல்லாம் சரி. நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி இல்லாமல் இதில் எதுவும் இன்றைய சர்வரோடு பேசப்போவதில்லை. எஸ்எஸ்ஹெச் என்ற ரகசியக் குறியீட்டு இணைப்பு வேண்டும். சாவிப் பரிமாற்றக் கணக்கை 1 மெகாஹெர்ட்ஸ் 6502 செய்து முடிக்கும்வரை எந்த சர்வரும் காத்திருக்காது. அப்படியென்றால் உண்மையில் வேலை செய்வது பைதானே? அதற்கே ஒரு திரையை மாட்டிவிடலாமே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#6 பச்சைத்திரை

> உண்மையில் வேலை செய்வது பைதானே?

டெர்மினல் என்றாலே வேலை மறுமுனையில் நடக்கிறது என்றுதான் பொருள், நண்பரே. 1978ல் வந்த, டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினலுக்குள் யாரும் நிரல் ஓட்டவில்லை. எழுத்தை வாங்கி, காட்டி, விசையை அனுப்பியது, அவ்வளவுதான். அந்த வேலையைப் பிபிசி இன்றும் முழுசாகச் செய்கிறது. ரகசியக் குறியீட்டு வேலை பையில் நடந்தால் அதனால் பிபிசிக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு இது ஏன் வேண்டும் என்றால், அந்த விசைப்பலகை பிடிக்கும், அந்தத் திரையில் எழுத்து மட்டும்தான் இருக்கும், எழுதும்போது வேறு எதுவும் குறுக்கே வராது. பத்து மணிநேரம் எழுத்தோடு மட்டும் இருக்க முடிகிற ஒரு மெஷின் இன்று வேறு எங்கே கிடைக்கும்?

பை வேண்டாம் என்பவர்களுக்கு ஈஎஸ்பி8266 வைத்த வைஃபை மோடம் இருக்கிறது. அது பழைய ஹேய்ஸ் மோடம் மாதிரியே ஏடி கட்டளைகளைக் கேட்டுக்கொள்ளும். தொலைபேசி எண்ணுக்குப் பதில் ஹோஸ்ட் பெயரைக் கொடுத்து டயல் செய்யலாம். ஆனால் அந்த இணைப்பு டெல்நெட், கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். வீட்டு நெட்வொர்க்குக்குள் பை வரைக்கும் அதை வைத்துக்கொண்டு, அங்கிருந்து எஸ்எஸ்ஹெச் போவதுதான் நல்லது.

#7 கைக்கணினி

டிஆர்எஸ்-80 மாடல் 100 பற்றி யாரும் பேசவில்லையே. 1983ல் வந்தது, நாலு பென்சில் பேட்டரியில் சுமார் இருபது மணிநேரம் ஓடும். டெல்காம் என்ற டெர்மினல் நிரல் ரோம் சிப்பிலேயே இருக்கிறது. ஆர்எஸ்232 போர்ட்டும் முறையான வோல்டேஜில் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து கம்பி மாட்டினால் டெர்மினல்.

திரை 40க்கு 8 வரிதான். அந்த எல்சிடி மெதுவாகத்தான் மாறும். வேகத்தை 19200 வரை வைக்கலாம் என்று அமைப்பில் இருந்தாலும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் ("தொடரு", "நிறுத்து" என்று சொல்லும் குறிகள்) இல்லாமல் அந்த வேகத்தில் எழுத்து சிதறும். இங்கேதான் ஒரு நுணுக்கம். மெஷின் "நிறுத்து" என்று எக்ஸ்ஆஃப் அனுப்புகிறது. லினக்ஸ் கெர்னல் அதைப் பார்த்து நிறுத்தும். ஆனால் அதற்கு முன்பே யூஎஸ்பி-சீரியல் அடாப்டரின் பஃபருக்குள் போய்விட்ட எழுத்துகள் நிற்காது, கடைசி வரை வந்துகொண்டே இருக்கும். மாடல் 100ன் பஃபர் மிகச் சிறியது, அவ்வளவையும் தாங்காது. அதனால்தான் "ஃப்ளோ கண்ட்ரோல் போட்டும் எழுத்து தொலைகிறதே" என்று பலர் குழம்புகிறார்கள். எக்ஸ்ஆஃபைத் தானே கவனித்து நிறுத்தும் அடாப்டர் சிப் வேண்டும், இல்லையென்றால் பையின் சொந்த சீரியல் பின்களில் லெவல் கன்வர்ட்டர் போட்டுப் பயன்படுத்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால் 2400க்கு இறங்குங்கள். எட்டு வரித் திரைக்கு 2400 தாராளம்.

எக்ஸ்ஆஃப் என்பது கண்ட்ரோல்-எஸ். ஈமேக்ஸ் எடிட்டரில் தேடுவதற்கும் அதே விசைதான். ஈமேக்ஸ் பழகியவர்கள் தேடலை வேறு விசைக்கு மாற்றியாக வேண்டும்.

#8 சீரியல்சித்தன்

மெஷின் பக்கம் பேசியாயிற்று. என் அனுபவத்தில் தொல்லை பாதிக்குமேல் மறுமுனையில்தான் வரும். காரணம், இன்றைய லினக்ஸ் தன் எதிரில் இருப்பது ஒரு நவீன ஜன்னல் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறது. நாம் பழைய மெஷினை விடி100 போல நடிக்க வைக்கப் பாடுபடுகிறோம். அதற்குப் பதிலாக, எதிரில் இருப்பது என்ன என்பதை லினக்ஸுக்கு உள்ளபடி சொல்லிவிடுவது மேல். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அடாரி எஸ்டி இதற்கு நல்ல உதாரணம். அதன் இயங்குதளத்துக்குள்ளேயே விடி52 (விடி100க்கு முந்தைய டெர்மினல் வகை) இருக்கிறது. கறுப்பு வெள்ளை மானிட்டரில் 640க்கு 400, 80 பத்தி, கண்ணுக்கு அவ்வளவு இதம். எந்த டெர்மினலுக்கு எந்தக் கட்டளை புரியும் என்று சொல்லும் லினக்ஸின் டெர்ம்இன்ஃபோ தொகுப்பில் விடி52க்கு விவரம் உண்டு. டெர்மினல் வகை விடி52 என்று அமைத்துவிட்டால், அந்தத் தொகுப்பைக் கேட்டு நடக்கிற எடிட்டர்கள், மெயில் நிரல்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளும். எஸ்எஸ்ஹெச் வழியாக அடுத்த சர்வருக்குப் போனாலும் இந்த வகைப் பெயர் கூடவே போகும்.

திரை அளவைக் கையால்தான் சொல்ல வேண்டும். சீரியல் கம்பிக்கு மறுமுனையில் எத்தனை வரி என்று தெரிய வழியில்லை. மாடல் 100 என்றால் 8 வரி, 40 பத்தி என்று லாகின் ஆனவுடனே அமைக்க ஒரு வரி எழுதிவையுங்கள்.

லினக்ஸின் ஷெல்லான பாஷில், 5.1 பதிப்பு முதல், ஒட்டப்பட்ட உரையை அடையாளம் காட்டும் அடைப்புக் குறியீடு (பிராக்கெட்டட் பேஸ்ட்) தானாகவே இயங்குகிறது. விடி52க்கு அது புரியாது, ஒவ்வொரு பிராம்ப்டிலும் 2004 என்ற எண்ணோடு குப்பை விழும். இன்புட்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் அணைத்துவிடுங்கள். வண்ணங்களையும் அணையுங்கள்.

ஆப்பிள் II பிளஸ் வைத்திருப்பவர் யாராவது இருந்தால்: அதில் பெரிய எழுத்து மட்டும்தான். யூனிக்ஸ் இதற்குத் தொடக்கத்திலேயே வழி வைத்திருந்தது. பயனர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால், எதிரில் பெரிய எழுத்து மட்டுமே உள்ள டெர்மினல் என்று புரிந்துகொண்டு சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்ளும். லினக்ஸில் லாகின் கேட்கும் நிரலான ஏகெட்டியில் இன்றும் அதற்கு ஒரு தேர்வு உண்டு.

#9 இளம்பிட்

அனைவருக்கும் வணக்கம், புதிதாகச் சேர்ந்தவன். ஒரு 8 பிட் மெஷினில் இதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் ஒழுங்காக வருகிறது. தமிழ்க் கோப்பைத் திறந்தால் விநோதமாக இருக்கிறது. பின்சாய்வு மேற்கோள் குறியும் புள்ளியும் மாறி மாறி வருகின்றன. மெஷின் விட்டு விட்டு பீப் அடிக்கிறது. வரியின் மேலேயே வரி எழுதுகிறது. சில கோப்புகளில் விசைப்பலகையே செத்துவிடுகிறது. கம்பியில் கோளாறா?

#10 நிரலி

கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. உங்கள் டெர்மினல் நிரல் எட்டாவது பிட்டை வெட்டுகிறது. நீங்கள் பார்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடியும்.

இன்றைய யூனிகோடு கோப்புகள் சேமிக்கப்படும் முறையான யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றுதான். எட்டாவது பிட்டை எடுத்தால் அது பின்சாய்வு மேற்கோள் ஆகிறது. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. வெட்டினால் புள்ளி அல்லது சாய்கோடு. மூன்றாவது பைட்தான் எழுத்துக்கு எழுத்து மாறும். அதில் பல, வெட்டியபின் கட்டுப்பாட்டுக் குறிகளாகிவிடுகின்றன. ஏகாரக் குறியான ே மணி அடிக்கும் குறி ஆகிறது. புள்ளி ் கேரேஜ் ரிட்டர்ன் ஆகிறது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடுகிறது, வரிமேல் வரி விழுவது அதனால்தான். ஐகாரக் குறி ை ஒரு கட்டம் பின்னால் போகிறது. "ஊ" என்ற எழுத்து அடுத்த வரிக்கு இறக்குகிறது.

விசைப்பலகை சாவது "ஓ" என்ற எழுத்தால். அதன் கடைசி பைட்டை வெட்டினால் எக்ஸ்ஆஃப். "அனுப்பாதே" என்று சர்வர் சொன்னதாக மெஷின் எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. எக்ஸ்ஆனாக மாறக்கூடிய இடங்களில் யூனிகோடு தமிழ்ப் பகுதியில் எழுத்தே வைக்கப்படவில்லை. அதனால் தமிழ் உரை எவ்வளவு வந்தாலும் அந்தப் பூட்டு தானாகத் திறக்காது. "ஓர்" என்று தொடங்கும் கோப்பைத் திறந்து பாருங்கள், உடனே நிற்கும்.

#11 இளம்பிட்

அப்படியே நின்றது! மிக்க நன்றி அக்கா. நிரலில் 8 பிட் தேர்வு இருக்கிறது, போட்டுவிட்டேன். பீப் போய்விட்டது, ஆனால் தமிழ் இன்னும் வரவில்லை, வேறு படக்குறிகள் வருகின்றன. இந்த மெஷின்களில் தமிழைக் காட்டவே முடியாதா?

#12 நிரலி

முடியும். அதற்குப் பொருத்தமான குறியீட்டு முறை ஏற்கெனவே இருக்கிறது: டிஸ்கி. கீழ்ப்பாதி 128 இடங்கள் ஆஸ்கி, மேல்பாதி 128ல் தமிழ். ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். கு, கூ, க் போன்றவற்றுக்குத் தனித்தனி இடங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கொம்பு எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. டெர்மினல் எழுத்துகளை மாற்றி அடுக்க வேண்டியதில்லை. பைட் வரும் வரிசையில் கட்டத்தில் போட்டுக்கொண்டே போகலாம். 8 பிட் மெஷினுக்கு இதைவிட வசதி வேண்டாம். லினக்ஸில் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற மாற்றி நிரல் யூடிஎஃப்-8லிருந்து டிஸ்கிக்கு மாற்றித் தரும்.

எழுத்து வடிவங்களை நாம்தான் வரைய வேண்டும். பிபிசியில் விடியூ 23 கட்டளையால் எழுத்துகளை மாற்றி வரையலாம். காமடோரில் முழுத் தொகுப்பையும் மாற்றலாம்.

டெர்மினல் வகையில் மட்டும் கவனம் வேண்டும். டிஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் 128-159 பகுதியில் வருகின்றன. 1983ல் வந்த விடி220 முதல் அந்தப் பகுதி கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் போய்விட்டது. விடி220 போல நடிக்கும் நிரலில் அந்த எழுத்துகள் கட்டளைகளாகிவிடும். விடி52க்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

#13 அறுபத்துநான்கு

நல்ல யோசனைதான், ஆனால் 8க்கு 8 புள்ளியில் ணகரத்தை வரைந்து பாருங்கள். மூன்று சுழி, ஒரு கால். அவற்றுக்கு நடுவே இடைவெளி. அடங்கவே அடங்காது. ஞ, ஐ, ஔ இன்னும் மோசம். இரண்டு கட்டம் கொடுக்கலாம் என்றால், சர்வர் அதை ஒரு பத்தியாகத்தான் எண்ணும். எடிட்டரில் கர்சர் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்றாகிவிடும்.

#14 பச்சைத்திரை

அங்கேதான் சித்தன் சொன்னது உதவுகிறது. சர்வருக்கு 80 பத்தி என்று சொல்ல யார் கட்டாயப்படுத்தினார்கள்? அடாரி எஸ்டியில் 640 புள்ளி அகலம், 400 உயரம். ஓர் எழுத்துக்கு 10 புள்ளி கொடுத்தால் 64 பத்தி. 12 கொடுத்தால் 53 பத்தி, 25 வரி. உயரம் 16 புள்ளி. 12க்கு 16ல் ணகரம் தெளிவாக வரும், கொம்பும் சுழியும் ஒட்டாது. ஆங்கில எழுத்து கொஞ்சம் அகலமாகத் தெரியும், பரவாயில்லை. எல்லாக் கட்டமும் ஒரே அளவு, சர்வரிடம் 53 என்று சொல்லியாகிவிட்டது, கர்சர் விலகக் காரணமே இல்லை.

எனவே என் மேசைக்கு எஸ்டி. உள்ளே இருக்கும் விடி52 நிரல் 80 பத்திக்கு எழுதப்பட்டது, எழுத்து வரையும் பகுதியை நான் எழுதிக்கொள்கிறேன். எஸ்டியின் இயங்குதளமான டாஸின் (TOS) பழைய பதிப்புகளில் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் ஃப்ளோ கண்ட்ரோல் (தனிக் கம்பிகளால் "நிறுத்து", "தொடரு" சொல்வது) சரியாக வேலை செய்யாது, அதற்கும் திருத்த நிரல் போட வேண்டும். நிரலி அவர்களே, ஒரு சந்தேகம். படிக்க ஐகான்வ் போதும். தட்டச்சு செய்யும்போது? யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகுதான் கொம்பு. அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமல் மாற்றி நிரல் க-வை அனுப்ப முடியாதே. கடைசி எழுத்து எப்போதும் தொங்கிக்கொண்டு நிற்குமே?

#15 நிரலி

ஆமாம், ஐகான்வை நேரடியாக நடுவில் வைத்தால் அப்படித்தான் ஆகும். பையில் ஒரு சின்ன நிரல் எழுதி வையுங்கள். க வந்தவுடன் காத்திராமல் அனுப்பிவிடட்டும். அடுத்து கொம்பு வந்தால் ஒரு பேக்ஸ்பேஸ், கொம்பு, மறுபடி க. "கொ" என்றால் பேக்ஸ்பேஸ், கொம்பு, க, கால். புள்ளி வந்தால் பேக்ஸ்பேஸ், க். திரையில் ஒரு நொடி க தெரிந்து மாறும், அவ்வளவே.

எடிட்டருக்குள் இது போதாது. "கெ" யூனிகோடு பக்கம் ஒரு பத்தியாக எண்ணப்படலாம், டிஸ்கி பக்கம் இரண்டு. அதனால் எடிட்டரையும் டிஸ்கி கோப்பிலேயே 8 பிட் முறையில் ஓட்டி, சேமித்த பிறகு யூடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஷெல்லில் தட்டச்சு செய்வதற்கும் மெயில் படிப்பதற்கும் நடு நிரல்.

#16 அறுபத்துநான்கு

க வரியின் கடைசிக் கட்டத்தில் விழுந்திருந்தால்? பேக்ஸ்பேஸ் எங்கே போகும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்.

#17 நிரலி

அந்த இடத்தில் பேக்ஸ்பேஸை நம்ப வேண்டாம். நடு நிரல் பத்தியை எண்ணிக்கொண்டே வரட்டும். 53வது பத்தி என்றால் எஸ்கேப், ஒய் என்று அனுப்பி, கூடவே வரி எண்ணையும் பத்தி எண்ணையும் பூஜ்யத்திலிருந்து எண்ணி 32 கூட்டிக் கொடுத்தால் விடி52 கர்சரை நேராக அங்கேயே வைக்கும். அதன்பின் ஓர் இடைவெளியால் பழைய க-வை அழித்துவிட்டு, கெ முழுவதையும் அடுத்த வரியின் தொடக்கத்தில் எழுதலாம்.